பல்கலைக்கழகத்தில் பாகுபாட்டுப் புகார்: எங்கே கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, எத்தனை நாளாகும்

என் முதல் புகார் மனு பதினொரு வாரம் எங்கள் துறைத் தலைவரின் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. புகாரே அவர்மேல்தான். அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்ததும் நான்தான். எதை அனுப்பினாலும் "உரிய வழியாக" அனுப்ப வேண்டும் என்று பணியில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு, யார்மேல் புகாரோ அவர் வழியாகவே அதை அனுப்பும் அளவுக்குப் பழகிப்போயிருந்தேன்.

தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பட்டியல் சாதியைச் சேர்ந்தவள். பணி மேம்பாட்டுக்கு, அதாவது குறித்த ஆண்டுகள் முடிந்ததும் அடுத்த சம்பள நிலைக்குப் போவதற்கு, நானும் சக ஆசிரியர் ஒருவரும் ஒரே மாதத்தில் விண்ணப்பித்தோம். அவர் கோப்பு ஐந்து மாதத்தில் முடிந்தது. என்னுடையது நகரவே இல்லை. கேட்டபோது ஆசிரியர் அறையில் நாலு பேர் நடுவில் துறைத் தலைவரிடமிருந்து வந்த பதில்: "கோட்டாவுல வந்தவங்களுக்கு இவ்வளவு அவசரம் எதுக்கு?" அதற்கப்புறம் 19 மாதம் அலைந்தேன். அலைச்சலில் பாதி, வழி தெரியாததால் வந்தது. அந்தப் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

இது ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் ஆகியோருக்கானது. மாணவர்களுக்கு வழி வேறு: 2012ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சமத்துவ விதிமுறைப்படி பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவர்கள் நேரே அவரிடம் போகலாம். பணியாளர்களையும் சேர்த்து 2026 ஜனவரியில் யுஜிசி புதிய விதிமுறை ஒன்றை அறிவித்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, 2012 விதிமுறையே தொடரட்டும் என்றது. ஆகவே யாராவது புதிய விதிமுறையைக் காட்டி மனு எழுதித் தந்தால் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். அன்றைக்கு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

1. எந்த ஜன்னல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ரயில் நிலையத்தில் வரிசை மாறி நின்றால் அரை மணி நேரம் போகும். இங்கே மாறி நின்றால் மாதக்கணக்கில் போகும். சில ஜன்னல்களுக்குக் காலக்கெடு இருப்பதால் உரிமையே போகவும் கூடும். பாகுபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அலுவலகம் நம் ஊரில் கிடையாது. நடந்தது எது என்பதை வைத்துத்தான் இடம் மாறும்.

சாதி காரணமாகப் பதவி உயர்வு, பணிச்சுமை, இடஒதுக்கீடு, அவமதிப்பு என்றால்: பல்கலைக்கழகத்துக்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவும் அதன் தொடர்பு அலுவலரும். மாணவர், ஆசிரியர், அலுவலகப் பணியாளர் என மூன்று தரப்பின் சாதிப் பாகுபாட்டுப் புகார்களையும் விசாரிக்க ஒரு குழு வேண்டும், பதிவாளர் அலுவலகத்தில் புகார்ப் பதிவேடு வேண்டும், இணையதளத்தில் புகாருக்கென ஒரு பக்கம் வேண்டும் என்று யுஜிசி பல ஆண்டுகளாகச் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் இணையதளத்தில் அந்தப் பக்கம் இருந்தது. அதிலிருந்த தொடர்பு அலுவலர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. பெயரைப் பார்த்ததும் மனுவை அனுப்பிவிடாதீர்கள், இப்போது யார் என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலியல் தொந்தரவு என்றால்: உள்ளகப் புகார்க் குழு. வேறு எங்கும் சுற்ற வேண்டாம். 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டம், 2015ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறை இரண்டும் இதற்குப் பொருந்தும். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் குழு அனுமதிக்கலாம். மனு 6 பிரதி. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், புல முதல்வர், துறைத் தலைவர் போன்ற உயர்பொறுப்பில் இருப்பவர்கள் அந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது. வெளி உறுப்பினர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். குழுப் பட்டியலை வாங்கி முதலில் இதைச் சரிபாருங்கள், இல்லையென்றால் எல்லாம் முடிந்தபிறகு "குழுவே செல்லாது" என்று எதிர்த்தரப்பு கிளப்பும். விசாரணை நடக்கும்போது அவரையோ உங்களையோ இடம் மாற்றச் சொல்லியும், 3 மாதம் வரை விடுப்புக் கேட்டும் மனுவிலேயே எழுதலாம். தினக்கூலி, ஒப்பந்தம், துப்புரவுப் பணி என்று எந்த வகையில் வேலை செய்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும்.

மாற்றுத்திறன் காரணமாக என்றால்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு. ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும், புகாரை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அதற்குப் பிறகு மாவட்ட அளவிலான குழு, மாநில ஆணையர். இதில் ஒரு நுணுக்கம்: தரைத்தள வகுப்பறை, திரைவாசிப்பு மென்பொருள், தேர்வுப் பணியில் இருக்கை போன்ற வசதிகளைக் கேட்டு முதலில் ஒரு கடிதம் கொடுத்திருந்தால், மறுத்தபிறகு கொடுக்கும் புகார் பலமாக நிற்கும். கேட்காமலே "தரவில்லை" என்று போனால், "கேட்கவே இல்லையே" என்று முடித்துவிடுவார்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று ஜன்னல் பொருந்தலாம். ஒவ்வொன்றுக்கும் தனி மனு. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டினால், ஒவ்வொரு அலுவலகமும் "இது எங்கள் வரம்பில் இல்லை" என்று மற்றதைக் கைகாட்டும்.

2. புகாருக்கு முன்பே ஒரு கோப்பு

இதைப் பிரச்சினை வந்தபிறகு தொடங்கினால் சிரமம். இப்போதுதான் பணியில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் இந்த வாரமே தொடங்குங்கள். நியமன ஆணை, பணியேற்பு அறிக்கை, சாதிச் சான்றிதழ், தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, பணிமூப்புப் பட்டியல், பணி மேம்பாட்டு விண்ணப்பமும் அதைக் கொடுத்ததற்கான ஒப்புகையும், ஒவ்வொரு பருவத்துக் கால அட்டவணை. கடைசியாகச் சொன்னதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. எனக்கு வாரம் எத்தனை மணி நேரம், மற்றவர்களுக்கு எத்தனை என்று காட்ட, கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையை மூன்று பருவமாக ஃபோனில் படம் பிடித்து வைத்திருந்தது பின்னால் பெரிய உதவி.

பணிப்பதிவேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் பதிவேட்டில் முனைவர் பட்டம் பெற்ற விவரமே ஏறவில்லை. முனைவர் பட்டம் இருந்தால் 10ஆம் சம்பள நிலையிலிருந்து 11ஆம் நிலைக்கு 4 ஆண்டு, வெறும் முதுகலை என்றால் 6 ஆண்டு. பதிவு இல்லாததையே காரணமாகச் சொல்லிப் பின்னால் ஒரு கேள்வி கிளப்பினார்கள்.

எல்லாவற்றையும் வீட்டில் வையுங்கள், அலுவலக அலமாரியில் வேண்டாம். ஸ்கேன் செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் அவர்களுடையது.

3. நாட்குறிப்பு

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார், யார் அங்கே இருந்தார்கள், அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள். கோபத்தை எழுத வேண்டாம், சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுங்கள்.

என் குறிப்பில் ஒன்று இப்படி இருக்கும்: "செவ்வாய், மதியம் 2.10. ஆய்வகச் சாவி கேட்டேன். 'சார் சொல்லாம யாருக்கும் தரக் கூடாது மேடம்' என்றார் உதவியாளர். சாவிப் பதிவேட்டில் பார்த்தேன்: அன்றைக்குக் காலை 10 மணிக்கு வேறொருவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். அவர் யாரையும் கேட்கவில்லை." சாவி சின்ன விஷயம்தான். ஆனால் நாற்பது செவ்வாய்க்கிழமைகளுக்கு இப்படி எழுதினால் அது சின்ன விஷயமாக இருக்காது. விசாரணைக் குழுவில் ஒரு பேராசிரியர் அந்த நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

4. மனு எழுதுவது

இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். என் முதல் மனு ஒன்பது பக்கம். பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்திருந்தேன். யாரும் படிக்கவில்லை என்பது பின்னால் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது.

பெறுநர்: பதிவாளர். நகல்: தொடர்பு அலுவலர். புகார் துறைத் தலைவர்மேல் என்றால் "உரிய வழியாக" என்ற சொல்லே மனுவில் வரக் கூடாது. "புகார் என் நேர் மேலதிகாரி குறித்தது என்பதால் நேரடியாகச் சமர்ப்பிக்கிறேன்" என்று ஒரு வரி போதும். பதிவாளர்மேலேயே புகார் என்றால் துணைவேந்தருக்கு.

அடுத்து, நடந்ததைத் தேதி வரிசையில் எண்ணிட்டு எழுதுங்கள். "என்னைத் தொடர்ந்து சாதி ரீதியாக ஒடுக்குகிறார்" என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு குழு எதையும் விசாரிக்க முடியாது. "ஒரே மாதத்தில் கொடுத்த இரு விண்ணப்பங்களில் ஒன்று ஐந்து மாதத்தில் முடிந்தது, என்னுடையது 14 மாதமாக நிலுவையில் உள்ளது, காரணம் எழுத்தில் தரப்படவில்லை" என்றால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஒப்பிட ஓர் ஆள், ஒரு தேதி, ஒரு வேறுபாடு: இந்த மூன்றும் மனுவின் முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும்.

கடைசியில், என்ன வேண்டும் என்று எழுதுங்கள். முக்கால்வாசிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று முடித்தால், அழைத்து இருவரையும் கை குலுக்கச் சொல்வதுகூடத் தக்க நடவடிக்கைதான். நான் இரண்டாவது மனுவில் மூன்று கேட்டேன்: கோப்பின் நிலையை எழுத்தில் தெரிவிப்பது, தகுதி பெற்ற நாளிலிருந்து பணி மேம்பாடு, விசாரணை முடியும்வரை என் ரகசிய அறிக்கையை (மேலதிகாரி எழுதும் பணி மதிப்பீட்டை) வேறொருவர் எழுதுவது.

5. மனுவைக் கொடுப்பது

தபால் பிரிவில் இரண்டு பிரதியோடு போங்கள். ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்ள, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்க. நான் போனபோது அங்கிருந்த எழுத்தர் மனுவின் தலைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தலைப்பைப் பார்த்தார். "புகாருக்கெல்லாம் நாங்க சீல் வைக்கிறதில்ல மேடம். வச்சிட்டுப் போங்க, சார் பாத்துட்டுச் சொல்வாரு." அவர்மேல் தப்பில்லை, பயம். சண்டை போடவில்லை. அப்படியே நடந்து போய் வளாகத் தபால் நிலையத்தில் அதே மனுவை அனுப்பினேன். மூன்றாம் நாள் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டு வாங்கிய ஒப்புகை என் வீட்டுக்கு வந்தது.

அப்போது பதிவுத் தபால் இருந்தது. 2025 செப்டம்பரில் அதை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது விரைவுத் தபாலில் அனுப்பி, கூடுதல் கட்டணம் கட்டிப் பதிவும் விநியோகச் சான்றும் கேட்டு வாங்குங்கள். ரசீது வெயில் பட்டால் வெளுத்துவிடும், அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

6. தகவல் அறியும் உரிமைச் சட்டம்: 10 ரூபாய்க்குக் கிடைக்கும் பெரிய ஆயுதம்

மனு கொடுத்து 30 நாள் ஆகியும் சத்தமில்லை என்றால், கெஞ்சிக்கொண்டு நிற்காமல் தகவல் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரியில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் நாள் எடுக்கும், ஆகவே முதல் இரண்டு படியிலேயே முடியும்படி கேள்வியை அமையுங்கள்.

"ஏன் எனக்குத் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் கற்பித்துச் சொல்வது அவர் வேலையில்லை, ஆவணத்தில் இருப்பதைத் தருவதுதான் வேலை. இப்படிக் கேளுங்கள்: என் விண்ணப்பக் கோப்பின் குறிப்புப் பக்கங்கள் அனைத்தின் நகல். அந்தக் கோப்பு எந்தெந்தத் தேதியில் எந்த மேசையில் இருந்தது என்ற நகர்வு விவரம். என் புகார் மனுமேல் எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பு. எங்கள் துறைக்கான இனச்சுழற்சிப் பதிவேட்டின் (எந்தப் பணியிடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்று காட்டுவது) நகல். கோப்பை நேரில் பார்வையிட அனுமதி.

சக ஆசிரியரின் மதிப்பெண், அவருடைய ரகசிய அறிக்கை இவற்றைக் கேட்டு ஒரு விண்ணப்பத்தை வீணாக்கினேன். மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று மறுத்தார்கள். 2025 நவம்பரில் அதற்கான சட்டப் பிரிவு திருத்தப்பட்டு இன்னும் இறுகிவிட்டது. பெயரை விட்டுவிட்டு, "இன்ன மாதம் பெறப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் முடிவான தேதி என்ன" என்று கேட்டேன், வந்தது. எனக்கு வேண்டியதும் அதுதானே.

நேரில் பார்வையிடுவதை விட்டுவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. பிரிவுக் கண்காணிப்பாளர் எதிரில் உட்கார்ந்திருக்க, என் கோப்பைப் புரட்டினேன். பிரிவு எழுத்தர் எல்லாத் தகுதியும் சரி என்று எழுதி மேலே அனுப்பியிருக்கிறார். அதன் கீழே பச்சை மையில் ஒரே சொல்: "பேசவும்." தேதி இல்லை. அதற்குப் பிறகு 14 மாதத்துக்கு ஒரு எழுத்தும் இல்லை. யார் பேசினார்கள், யாரோடு, என்ன முடிவு என்று எதுவும் கிடையாது. அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டேன். ஒரு பக்கம் 2 ரூபாய். என் புகார் முழுவதும் அந்த 2 ரூபாய்ப் பக்கத்தின்மேல்தான் நின்றது.

7. விசாரணை

அழைப்பு வரும்போது எழுத்தில் வர வேண்டும். "நாளைக்குச் சும்மா வந்துட்டுப் போங்க" என்று ஃபோனில் கூப்பிட்டால், "கடிதம் அனுப்புங்கள், வருகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். குழுவில் யார் யார் என்று முன்கூட்டியே கேளுங்கள். எதிர்த்தரப்பின் ஆய்வு நெறியாளரோ, அவரோடு சேர்ந்து ஆய்வுத்திட்டம் நடத்துபவரோ இருந்தால், விசாரணை தொடங்கும் முன்பே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். முடிந்தபிறகு சொன்னால், தோற்றதால் சொல்கிறீர்கள் என்பார்கள்.

நீங்கள் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டியபிறகே கையெழுத்து. என் வாக்குமூலத்தில் "கோட்டாவில் வந்தவர்கள்" என்று அவர் சொன்னதை "இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தது" என்று நாகரிகமாக மாற்றி எழுதியிருந்தார்கள். அடித்துத் திருத்தச் சொன்னேன். திருத்தம் பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பமிட்டோம்.

சாட்சி பற்றி ஒரு வார்த்தை. அந்த அறையில் இருந்த நாலு பேரில் மூன்று பேருக்கு எதுவும் காதில் விழவில்லையாம். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. எல்லோருக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. சாட்சியை நம்பி மனுவைக் கட்டாதீர்கள், கோப்பை நம்பிக் கட்டுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் உங்களுக்கு மெமோ, அதாவது விளக்கம் கேட்கும் கடிதம், வரலாம். எனக்கு இரண்டு வந்தன: ஒன்று 12 நிமிடத் தாமதத்துக்கு, இன்னொன்று விடைத்தாள் கட்டு பற்றி. மெமோவை வாங்க மறுக்காதீர்கள், அது தனிக் குற்றமாகிவிடும். தேதியோடு கையெழுத்துப் போட்டு வாங்கி, கொடுத்த கெடுவுக்குள் பதில் கொடுங்கள். அதில் "இன்ன தேதியில் நான் கொடுத்த புகார் நிலுவையில் உள்ளது" என்ற வரியைச் சேருங்கள். அனுமதி இல்லாமல் பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பதும் முகநூலில் பெயர் சொல்லி எழுதுவதும் நடத்தை விதியில் மாட்டும். உள்ளகக் குழு விசாரணை என்றால் ரகசியம் காப்பது சட்டப்படியே கட்டாயம்.

8. வெளியே போவது, அதில் வரிசை முக்கியம்

தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம், அரசியலமைப்பின் 338ஆம் பிரிவில் அமைந்தது. பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித்தனித் தேசிய ஆணையங்கள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையமும் இருக்கிறது, அதற்கான சட்டம் 2021இல் வந்தது. எதற்கும் கட்டணமில்லை. வழக்கறிஞரும் தேவையில்லை. தேசிய ஆணையத்துக்கு இணையத்திலேயே மனு போடலாம், சென்னையில் மாநில அலுவலகமும் உண்டு.

மனுவில் முழுப் பெயர், முகவரி, கையெழுத்து வேண்டும். பெயரில்லாக் கடிதத்தை எடுக்க மாட்டார்கள். பணியிட மாற்றம், ரகசிய அறிக்கை மதிப்பீடு போன்ற நிர்வாக விஷயங்களைச் சாதிக் கொடுமை இல்லாதவரை எடுப்பதில்லை, ஆகவே அந்தத் தொடர்பை முதல் பத்தியிலேயே காட்டுங்கள். எந்த விதி, எந்த அரசாணை மீறப்பட்டது என்று எழுதுங்கள்.

இப்போது பெரிய பொறி. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தை ஆணையம் தொடாது. என் நண்பர் ஒருவர் அவசரப்பட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுவிட்டு அப்புறம் ஆணையத்துக்கு எழுதினார், மனு திரும்பி வந்தது. ஆணையம் முதலில், நீதிமன்றம் பிறகு. அதற்காக வருடக்கணக்கில் ஆணையத்தையே நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது. பணிமூப்பு, பதவி உயர்வு வழக்குகளில் தாமதம் செய்தவரை நீதிமன்றம் அவ்வளவாக விரும்பாது. ஆணையத்துக்கு ஆள் அழைக்கவும் கோப்பைக் கொண்டுவரச் சொல்லவும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. ஆனால் கடைசியில் அது செய்வது பரிந்துரைதான், தடையாணை தர அதற்கு முடியாது. என் கதையில் பரிந்துரை வரை போகவில்லை. கோப்போடு வரச் சொல்லி அழைப்பாணை வந்த மறுவாரமே "பேசவும்" கோப்பு எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு வகை. அது காவல் நிலையம். சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும், சாதியை வைத்து வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் "பொதுப் பார்வையில்" நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது சொன்னது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. எனக்கு நடந்தது இதில் வருமா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். சாட்சி இல்லாமல் நிற்பது கடினம் என்றார், போகவில்லை. உங்களுக்கு நடந்தது இதில் வருமென்றால் தள்ளிப்போடாதீர்கள். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், குற்றப்பத்திரிகை 60 நாளில் தாக்கலாக வேண்டும். உதவி எண் 14566.

வழக்கறிஞர் செலவை நினைத்துப் பயந்து நிற்பவர்களுக்கு: பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தர வேண்டும். வருமான வரம்பு கிடையாது, சம்பளம் வாங்குகிறேனே என்று தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். எண் 15100.

9. என் கணக்கு

தகவல் விண்ணப்பம் மூன்று: 30 ரூபாய். நகல் 64 பக்கம்: 128 ரூபாய். தபால், ஜெராக்ஸ், தட்டச்சு எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். சென்னைக்கு இரண்டு முறை பேருந்து. மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. தற்செயல் விடுப்பு ஒன்பது நாள். முதல் மனு தூங்கிய பதினொரு வாரம், தப்பான தகவல் விண்ணப்பத்தில் போன இரண்டு மாதம், இவற்றைக் கழித்தால் 19 மாதம் பதினாலரை மாதமாக முடிந்திருக்கும்.

கிடைத்தது: தகுதி பெற்ற நாளிலிருந்து பணி மேம்பாடு, நிலுவைச் சம்பளம். கிடைக்காதது: அந்தச் சொல்லுக்கு ஒரு பதில். "எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டது" என்று அவருக்கு ஒரு கடிதம் போனதாகக் கேள்வி. எனக்கு நகல் தரவில்லை.

கௌரவ விரிவுரையாளர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வந்தது மெமோ. உங்களுக்கு அடுத்த பருவத்தில் ஆணையே வராமல் போகலாம். தனியாகப் போகாமல் சங்கத்தின் மூலமோ, நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டோ போவதுதான் எனக்குத் தெரிந்த வழி.

10. ஒருநாள் நீங்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்

போன வருடம் என்னைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவில் உறுப்பினராகப் போட்டார்கள். வாயை அடைக்கத்தான் என்று சிலர் சொன்னார்கள், இருக்கலாம். உள்ளே போய்ப் புகார்ப் பதிவேட்டைக் கேட்டேன். அட்டை புதிதாக இருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்கப்புறம் எல்லாம் வெள்ளை. என் மனுவே அதில் ஏறவில்லை.

வரும் மனுவுக்கு அன்றைக்கே வரிசை எண் போடுங்கள். புகார் கொடுத்தவரையும் எதிர்த்தரப்பையும் ஒரே நாளில், ஒரே வராந்தா பெஞ்சில் காத்திருக்க வைக்காதீர்கள். எனக்கு அது நடந்தது, 40 நிமிடம், அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "சமாதானமாப் போயிடலாமே" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லாதீர்கள். யாரும் புகார் கொடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை இனச்சுழற்சிப் பதிவேட்டையும், நிலுவையில் உள்ள பணி மேம்பாட்டுக் கோப்புகளின் தேதியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மதியம் போதும். நாங்கள் பார்த்தபோது இன்னும் இரண்டு "பேசவும்" கிடைத்தன.

அப்புறம், மனு கொடுப்பவர் கையில் உடனே ஒரு துண்டுச் சீட்டாவது போக வேண்டும். மளிகைக் கடைகளில் இருக்குமே, கார்பன் வைத்து எழுதும் பில் புத்தகம், அதில் ஒன்று வாங்கி மேசையில் போட்டிருக்கிறோம். 60 ரூபாய்.